ஆங்கில நாவல்களில் உங்கள் மனதை விட்டுப் போகாதது எது? ஆறு மாதத்துக்கு ஐந்து புத்தகம் வேண்டும்

கொக்குவில் ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். விசயம் இதுதான். எங்கள் வீட்டு விறாந்தையில் மாதத்தில் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பற்றிக் கதைக்கிறோம். இரண்டு வருசமாகத் தமிழ் நாவல்கள்தான் எடுத்தோம். இப்போது ஆங்கிலத்தில் பேர்போன பழைய நாவல்களையும் எடுப்போம் என்று சிலர் கேட்கிறார்கள். ஆறு மாதம், ஐந்து புத்தகம், பெரியது ஒன்றுக்கு இரண்டு மாதம். எதை எடுப்பது என்று விறாந்தையிலேயே சண்டை வந்துவிட்டது, அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

பட்டியல் வேண்டுமென்றால் கூகிளில் நூறு கிடைக்கும். 2003 இல் பிபிசி பிரித்தானிய மக்களிடம் வாக்குக் கேட்டபோது த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் முதலாவது, பிரைட் அன்ட் பிரெஜூடிஸ் இரண்டாவது. அதே பிபிசி 2015 இல் பிரித்தானியாவுக்கு வெளியே இருக்கிற 82 விமர்சகர்களிடம் பிரித்தானிய நாவல்களைப் பற்றிக் கேட்டபோது மிடில்மார்ச் முதலாவது. சனத்துக்குப் பிடித்தது ஒன்று, விமர்சகர்களுக்குப் பிடித்தது வேறொன்று. எனக்கு இரண்டு பட்டியலும் வேண்டாம். நீங்கள் வாசித்து, வாசித்த பிறகு ஒரு கிழமையாவது உங்களைத் தொந்தரவு செய்த ஒன்றைச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். ஐம்பது வருசத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். படம் பார்த்தது கணக்கில் வராது.

மானிப்பாய் மருமகள்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது ரீச்சர்? பிரைட் அன்ட் பிரெஜூடிஸ். ஜேன் ஒஸ்டின் எழுதி 1813 இல் இங்கிலாந்தில் வந்த புத்தகம் என்கிறார்கள், எனக்கென்னவோ எங்கள் ஒழுங்கையில் இருந்து எழுதின மாதிரித்தான் தெரிகிறது. ஐந்து பெட்டைகள், ஒரு தாய், ஊருக்குப் புதிதாக வந்த காசுக்காரப் பெடியன். திருமதி பென்னெற் முதலாம் அதிகாரத்திலேயே அவனுடைய வருமானத்தை விசாரித்து வைத்திருக்கிறா, வருசத்துக்கு நாலாயிரமோ ஐயாயிரமோ பவுண். அவனுடைய சிநேகிதன் டார்சி நடன மண்டபத்துக்குள் கால் வைத்து ஐந்து நிமிசத்துக்குள் அவருக்கு வருசம் பத்தாயிரம் என்ற கதை எல்லா இடமும் போய்விடுகிறது. எங்கள் கலியாண வீடுகளில் ஐந்து நிமிசம் எடுக்காது.

ஆனால் எனக்கு அந்தப் புத்தகம் கதாநாயகி எலிசபெத்தாலும் டார்சியாலும் பிடித்தது இல்லை. சார்லட் லூக்காஸ் என்று ஒருத்தி வருவாள், எலிசபெத்தின் சிநேகிதி, 27 வயது, வடிவும் இல்லை காசும் இல்லை. எலிசபெத் வேண்டாம் என்று சொன்ன அந்த அலட்டல் கொலின்ஸை இரண்டொரு நாளிலேயே இவள் கட்டச் சம்மதித்துவிடுவாள். பதினேழு வயதில் வாசித்தபோது எனக்கு அவளில் கோபம்தான் வந்தது. பிறகு முப்பத்தொரு வயதில், தரகர் கொண்டுவந்த பத்தொன்பதாவது குறிப்பும் பொருந்தாமல் போன கிழமை, அலுமாரியிலிருந்து எடுத்துத் திரும்ப வாசித்தேன். கலியாணம் முடிந்து கொலின்ஸின் வீட்டில் அவள் தனக்கென்று பின்பக்கத்து அறையை எடுத்துக்கொள்கிறாள், ஏனென்றால் ரோட்டுப் பக்கத்து அறையிலேயே மனுசன் ஜன்னலால் பார்த்துக்கொண்டு இருப்பார், பின்பக்கம் அடிக்கடி வரமாட்டார். முதல் தரம் வாசித்தபோது இந்த இடத்தை நான் கண்டதே இல்லை. இரண்டாம் தரம் அதிலேயே கன நேரம் நின்றுவிட்டேன். அவளைப் பார்த்துச் சிரிக்கிறதா பாவப்படுகிறதா என்று ஒஸ்டின் ஒரு சொல்லும் சொல்லமாட்டா.

சட்டப்புள்ளி

மருமகள் சொல்வதோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கதை எங்கள் ஒழுங்கையில் நடந்திருக்கவே முடியாது. பென்னெற் குடும்பத்தின் முழுப் பிரச்சினையும் காணி ஆண்வழிக்கு மட்டும் போக வேண்டும் என்று கட்டிவைத்திருப்பதுதான். ஐந்தும் பெண்பிள்ளைகள், அதனால் தகப்பன் கண்ணை மூடினால் வீடு வளவு எல்லாம் தூரத்துச் சொந்தக்காரன் கொலின்ஸுக்கு. எங்கள் தேசவழமையில் (யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம், ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்து வைத்தது) பெண்ணுக்குச் சீதனம், ஆணுக்கு முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, என்று வேறு கணக்கு. வீடு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் எழுதப்படும், மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே லோங்போர்ன் வீட்டை மூத்தவள் ஜேனுக்கு எழுதிவிட்டு மனுசன் நிம்மதியாகப் புத்தக அறைக்குள் இருந்திருக்கலாம்.

மானிப்பாய் மருமகள்

அண்ணை, நிம்மதியாகவா? மூத்தவளுக்கு ஒரு வீடு எழுதினால் மற்ற நாலுக்கும்? எங்கட ஊர் என்றால் மிஸ்டர் பென்னெற் இன்னும் நாலு வீடு கட்டியிருக்க வேண்டும். புத்தக அறைக்குள் இருக்க விட்டிருப்பார்களா, சவூதிக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஏஎல் பெடியன்

அக்கா 😂😂

ஓஎல் (சாதாரண தர) பரீட்சைக்கு இலக்கியப் பாடத்தில் மார்க் ட்வெயினின் த பிரின்ஸ் அன்ட் த போப்பரும் ஆர்.கே. நாராயணின் த வெண்டர் ஒஃப் ஸ்வீட்ஸும் படித்தேன். பாடத்துக்குப் படித்ததைப் பிடித்தது என்று சொல்லலாமா தெரியாது. ஆனால் வெண்டரில் அந்த ஜகன், இனிப்புக் கடைக்காரர், மகனோடு நேரே கதைக்க ஏலாமல் ஒரு சொந்தக்காரனைத் தூது அனுப்பி அனுப்பியே மகனைப் பற்றி அறிவார், அது அப்படியே எங்கட வீடு. அப்பா என்னிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்பார், நான் அடுத்த அறையில் இருப்பேன். 1967 இல் வந்தது, ரீச்சரின் ஐம்பது வருசக் கணக்குக்குள் வருகிறது.

இன்னொரு கேள்வி. சுருக்கின பதிப்பு வாசித்தால் வாசித்ததாகக் கணக்கா? டேவிட் கொப்பர்ஃபீல்ட் நான் அப்படித்தான் வாசித்தேன், நூறு பக்கம்கூட இல்லை.

சட்டப்புள்ளி

கணக்கில்லை தம்பி. அது புட்டைப் படத்தில் பார்த்த மாதிரி.

நைஜீரியா வாத்தியார்

சட்டப்புள்ளி, கொஞ்சம் பொறும். நான் எழுபத்தெட்டு வயதுக்காரன், டிக்கன்ஸை முதலில் கண்டது சுருக்கின பதிப்பில்தான், பக்கத்தின் அடியில் கஷ்டமான சொற்களுக்கு விளக்கம் போட்ட சின்னப் புத்தகம். அது இல்லாவிட்டால் முழுப்புத்தகத்தை நான் தொட்டே இருக்கமாட்டேன். சுருக்கத்தில் கதை வரும். ஆளின் குரல் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். டிக்கன்ஸில் குரல்தான் முக்கால்வாசி என்பது வேறு விசயம். தம்பி, முழுப்புத்தகத்தை எடும், லிப்கோ அகராதியைப் பக்கத்தில் வையும், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் திறவாதையும். ஒரு பக்கத்தில் மூன்று சொல்லுக்குமேல் பார்த்தால் கதை செத்துவிடும். ஒரு சொல் ஐந்தாறு தரம் திரும்ப வந்து தொந்தரவு செய்தால் மட்டும் பார்த்தால் போதும்.

என்னுடைய தெரிவு வேறு. சினுவா ஆச்சிபியின் திங்ஸ் ஃபோல் அபார்ட், 1958. ஆங்கில நாவல் என்றால் வெள்ளைக்காரன் எழுதியிருக்க வேண்டும் என்று இங்கே யாரும் சட்டம் போடவில்லைத்தானே? எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கிருந்து கன ஆசிரியர்கள் நைஜீரியாவுக்குப் போனோம், எனக்குக் கிழக்குப் பக்கத்தில் இக்போ ஊர் ஒன்று கிடைத்தது. போகும்போது அந்த நாவலை நான் வாசித்திருக்கவில்லை. என்னுடைய மாணவன் ஒருவன்தான் கொண்டுவந்து தந்தான், 'சேர், எங்களைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் இதை வாசியுங்கள்' என்று.

முதலாம் அதிகாரத்தில் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு ஒருவன் வீட்டுக்கு வருவான். வந்தவனுக்குக் கோலாக் கொட்டை வைக்க வேண்டும், யார் உடைப்பது என்று இரண்டு பேரும் 'நீ உடை, நீ உடை' என்று மரியாதைக்கு இழுபட்டு, பிறகு மழை, சுகம், ஊர்ப்புதினம் எல்லாம் கதைத்து, கடைசியில்தான் கடன் விசயத்துக்கு வருவார்கள், அதுவும் பழமொழிகளுக்குள் சுற்றி. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் ஐயா வெற்றிலைத் தட்டத்தை நடுவில் வைத்துக்கொண்டு காணி ஈடு கேட்டு வந்தவரோடு ஒரு மணித்தியாலம் மழையைப் பற்றிக் கதைப்பார்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கதாநாயகன் ஒக்கொங்வோவின் மூத்த மகன் மிஷன்காரர்களோடு போய்ச் சேருகிற இடம். வெள்ளைக்காரன் துவக்கோடு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர்கள் பாடின பாட்டுத்தான் இழுத்தது. பெடியனுக்குள் ஏற்கெனவே ஒரு கேள்வி கிடந்து எரிந்துகொண்டிருந்தது, கூடப் பிறந்தவன் மாதிரி வளர்ந்த ஒருவனை ஊர் சேர்ந்து கொன்றது ஏன் என்று. அதற்கு அந்தப் பாட்டு ஈரம் மாதிரி இருந்தது. வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியது, அடுத்த வருசம் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம். அந்தப் படிப்பில் வந்த குடும்பம் எங்களது. நாங்கள் இந்தக் கதையைப் பள்ளிக்கூட வரலாறாக மட்டும் சொல்லுவோம், எந்த வருசம், யார் முதல் பட்டதாரி என்று. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் அன்றைக்கு இரவு வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆச்சிபியில்தான் அதை முதலில் வாசித்தேன்.

தமிழில் வேண்டுமென்றால் எங்கள் ஆள் என்.கே. மகாலிங்கம் செய்த மொழிபெயர்ப்பு இருக்கிறது, சிதைவுகள்.

மின்சாரம் இல்லை

சேர் எழுதினதுக்குப் பிறகு என்னுடையது சின்னப்பிள்ளை விசயமாக இருக்கும், பரவாயில்லை. டானியல் டீஃபோவின் ரொபின்சன் குரூசோ. 1719.

எனக்கு 1993 இல் பதினாலு வயது. சண்டைக் காலம், யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. அந்த ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும்: போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் கோத்த திரி. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அந்தப் பஞ்சைக்கூடப் பிழிந்து பார்ப்போம். அந்த வெளிச்சத்தில் அண்ணா பள்ளிக்கூடப் பாடம் படிப்பார், அவர் பக்கம் புரட்டும்போது வருகிற இருட்டுப் போக மிச்ச வெளிச்சம் எனக்கு. மாமா வீட்டுப் பரணில் கிடந்த பழைய குரூசோ ஒன்று என் கையில் இருந்தது, அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை.

அதில் ஒரு இடம். குரூசோவுக்கு இருட்டினவுடன் செய்ய ஒன்றுமில்லை, மெழுகுதிரி இல்லை. ஆடு கொன்றபோது மிஞ்சின கொழுப்பைச் சேர்த்து, மண்ணில் சின்னத் தட்டு வனைந்து வெயிலில் காயவைத்து, பழைய கயிற்று நாரைத் திரியாக்கி விளக்குச் செய்வான். அதை நான் ஜாம் போத்தல் விளக்கில் வாசிக்கிறேன். அண்ணாவைத் தட்டிக் கூப்பிட்டு அந்தப் பந்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'எங்கட விளக்கு இதைவிடத் திறம்' என்றுவிட்டுத் திரும்பப் படிக்கத் தொடங்கினார். எனக்கு அது பெரிய புழுகம். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது, இதெல்லாம் அன்றைக்கு இல்லாமைதான். ஆனால் குரூசோவோடு சேர்த்துப் பார்த்தபோது ஏதோ கெட்டிக்காரத்தனம் மாதிரித் தெரிந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அம்மா உறுதிகளையும் அரிசியையும் எடுத்தா. நான் உடுப்புப் பைக்குள் குரூசோவை வைத்தேன். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருக்கும்போது அதில் இன்னும் கொஞ்சப் பக்கம் போய்விட்டது, மழை. முடிவு என்ன என்று தெரியாமலே ஏழெட்டு வருசம் இருந்தேன். தீவிலிருந்து வெளிக்கிட்டவன் வீடு போய்ச் சேர்ந்தபோது என்ன நினைத்திருப்பான், அதைத்தான் அறிய வேண்டும். பிறகு கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு முழுப்பிரதி வாங்கி, பஸ்ஸிலேயே கடைசியைத் திறந்தேன். ஓநாய்! மனுசன் 28 வருசம் தீவில் இருந்துவிட்டு வந்து, பிரனீஸ் மலையில் பனிக்குள் ஓநாய்க் கூட்டத்தோடு சண்டை பிடிக்கிறான், இடையில் கரடி ஒன்றை வைத்து வேடிக்கை வேறு. வீட்டைப் பற்றி இரண்டொரு வரிதான். இவ்வளவு காலம் காத்திருந்ததற்கு ஓநாய். இன்றைக்கும் டீஃபோவோடு எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது, ஆனாலும் என் புத்தகம் அதுதான்.

வேலிக்கதியால்

உங்கள் கதை நல்லாக இருக்கிறது அண்ணை, மனதைத் தொட்டது, ஆனால் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட ஏலாது. குரூசோ அந்தத் தீவில் போய் விழுந்தது எப்படி? பிரேசிலில் தோட்டம் வைத்திருந்தவன், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைப் பிடித்து வரப் போன கப்பலில் போனான். தீவில் முதன்முதலாக ஒரு மனுசனைக் காப்பாற்றினவுடன் அவனுடைய பேரைக் கேட்டானா? இல்லை. 'உன் பேர் ஃப்ரைடே, நான் உனக்கு மாஸ்டர்' என்று சொல்லிக் கொடுத்தான். நாங்கள் அந்தக் கதையில் யார்? விளக்குச் செய்கிறவனா, பேர் வைக்கப்பட்டவனா? வாத்தியார் சொன்ன ஆச்சிபியோடு இதைச் சேர்த்து வாசிக்கிறதென்றால் சரி, தனியாக என்றால் நான் வரமாட்டேன்.

மின்சாரம் இல்லை

ஓம் தம்பி, நீர் சொல்வது சரி. பதினாலு வயதில் அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் அந்த விளக்குப் பந்தி பிடிப்பது நிற்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

ரொறன்ரோக் குளிர்

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன், வாக்கு இருக்கிறதா தெரியாது. கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ். டிக்கன்ஸ் தன்னுடைய வாரப்பத்திரிகையில் 1860 டிசம்பரிலிருந்து 1861 ஓகஸ்ட் வரை தொடராக எழுதினது. மிஸ் ஹவிஷாம், நின்றுபோன மணிக்கூடுகள், புழுத்த கலியாணக் கேக் எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம். எனக்கு அந்தப் புத்தகம் 27 ஆம் அதிகாரம்தான்.

பிப்பை வளர்த்தது அவனுடைய அக்காவின் புருசன், கொல்லன் ஜோ. பிப்புக்கு யாரோ காசு கொடுத்து லண்டனில் கனவானாக்குகிறார்கள். ஜோ அவனைப் பார்க்க லண்டனுக்கு வருகிறார், நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, அந்த உடுப்பு அவருக்குப் பொருந்தவே இல்லை. தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்படுப்புக்கு மேலே தட்டின் மூலையில் வைக்கிறார், அது விழுகிறது, பாய்ந்து பிடிக்கிறார், திரும்ப வைக்கிறார், திரும்ப விழுகிறது. பிப்பை ஒருக்கால் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அடுத்த நிமிசம் 'சேர்' என்பார். பிப்புக்கு வெட்கத்தில் எரிச்சல். காசு கொடுத்தாவது வராமல் பண்ணியிருப்பேன் என்று முதலே நினைத்தவன் அவன்.

2004 இல் அப்பா என்னிடம் வந்து நாலு மாதம் நின்றார். நாங்கள் இருந்தது பதினோராம் மாடி. அப்பா ஒவ்வொரு நாளும் செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே, பொது நடைபாதையில், சோடியாக வைத்துவிட்டு உள்ளே வருவார். கட்டடக்காரர் இரண்டு தரம் கடிதம் போட்டார்கள். மூன்றாம் தரம் நான் வேலையால் வர, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அந்தச் செருப்பைக் காட்டி ஏதோ கேட்டாள், சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் உள்ளே போய் அப்பாவிடம் குரல் உயர்த்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து செருப்பை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைக்கத் தொடங்கினார். நாலு மாதம் முடிந்து போகும்போது அந்தப் பையோடேயே சூட்கேசில் வைத்ததைக் கண்டேன்.

அதற்கு இரண்டு வருசத்துக்குப் பிறகு, ரயிலில் வேலைக்குப் போகும்போது இந்த நாவலை வாசித்தேன், பகுதிநேரமாக ஒரு வகுப்பு எடுத்தேன், அதற்காக. தொப்பி மூன்றாம் தரம் விழுகிற இடத்தில் மூடிவிட்டு இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். பிப் பிறகு கடனில் விழுந்து காய்ச்சலில் கிடக்க, ஜோ வந்து பார்த்து, சுகமாக்கி, கடனையும் கட்டிவிட்டு, ஒரு விடியற்காலை சொல்லாமல் போய்விடுவார். அதை எப்படி வாசித்தேன் என்று எழுத விருப்பமில்லை.

முடிவைப் பற்றியும் ஒரு சண்டை இருக்கிறது. டிக்கன்ஸ் முதலில் எழுதின முடிவில் பிப்பும் அவன் விரும்பின எஸ்டெல்லாவும் சேர்வதில்லை, லண்டன் வீதியில் கண்டு இரண்டு சொல் கதைத்துவிட்டுப் போவார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதால் மாற்றினார். கன பேருக்கு முதலாவதுதான் சரி, எனக்கும்தான்.

கொக்குவில் ரீச்சர்

ரொறன்ரோத் தம்பி, உங்களுக்கு வாக்கு இருக்கிறது.

ஏஎல் பெடியன்

வதரிங் ஹைட்ஸ் யாரும் சொல்லவில்லையா? உலகத்திலேயே பெரிய காதல் கதை என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது.

மானிப்பாய் மருமகள்

வாசித்தீரா? அரைவாசிக்குப் பிறகு ஹீத்கிளிஃப் செய்கிறதெல்லாம் காணி பிடிக்கிற வேலை. எதிரியைக் கடன்காரனாக்கி ஒரு வீட்டை எடுப்பார், பிள்ளைகளைக் கட்டிவைத்து மற்ற வீட்டை எடுப்பார். காதல் கதை என்று நினைத்து எடுத்தால் ஏமாறுவீர், பழிவாங்கும் கதை என்று எடுத்தால் அதைப்போல ஒன்றுமில்லை. எமிலி புரொன்ட்டி எழுதினது அந்த ஒரு நாவல்தான், 1847 டிசம்பரில் வந்தது, அடுத்த டிசம்பரில் ஆள் இல்லை. முப்பது வயது.

ரீச்சர், அதே வருசம் தமக்கை சார்லட் எழுதின ஜேன் அயரையும் குறித்து வையுங்கள். என்னுடைய மாமியின் புத்தகம் அது. விடுதியில் இருந்து படித்தவ, லோவுட் பள்ளிக்கூடத்துக் கருகின கஞ்சியைப் பற்றி இப்போதும் சொல்லுவா. இன்னொன்றும் சொல்லுவா: ஜேனுக்கு இருபதாயிரம் பவுண் சொத்து வருகிறது, அதை மூன்று மச்சான் மச்சாள்மாரோடு நாலாகப் பிரித்து ஆளுக்கு ஐயாயிரம் என்று கொடுத்துவிடுகிறாள். பங்கு பிரித்து வழக்குக்குப் போகாத ஒரே குடும்பம் என்று மாமிக்கு அதில் அவ்வளவு மரியாதை.

சட்டப்புள்ளி

என்னுடைய தெரிவை இன்னும் சொல்லவில்லை. லெனார்ட் வூல்ஃபின் த வில்லேஜ் இன் த ஜங்கிள், 1913. இலங்கைச் சிவில் சேவைக்கு வந்த மனுசன், 1905 இல் முதல் வேலை எங்கட ஊரில், இருந்தது கோட்டை மதிலுக்கு மேலே ஒரு பங்களாவில். குதிரையில் இருந்து சவுக்கால் ஒரு யாழ்ப்பாண வழக்கறிஞரின் முகத்தில் அடித்தார் என்று அவர்மேல் முறைப்பாடும் போனது. தான் அடிக்கவில்லை, சவுக்கை நீட்டி எதையோ காட்டினேன் என்றுதான் அவர் கடைசிவரை சொன்னது. நாவல் அம்பாந்தோட்டைக் காட்டுப்பக்கத்துச் சிங்களக் குடியானவர்களைப் பற்றியது, எங்களைப் பற்றியது இல்லை. ஆனால் நீதிமன்றக் காட்சி ஒன்று இருக்கிறது: வழக்கு நடக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை, பொய் எங்கே என்று நீதவானுக்கு உணர்வு தட்டினாலும் அவர் பிடிக்கக்கூடியது சாட்சியை மட்டும்தான். அந்தக் கதிரையில் இருந்தவர் எழுதினபடியால் அது அவ்வளவு துல்லியம். அரசாங்கக் கச்சேரியிலும் கோட்டிலும் முப்பது வருசம் சுற்றினவனுக்கு வேறு நாவல் எதற்கு?

வேலிக்கதியால்

இதற்கு என் வாக்கு உண்டு. மிடில்மார்ச்சுக்கு யாரும் இல்லையா, விமர்சகர்கள் கோபிக்கப் போகிறார்கள்.

நைஜீரியா வாத்தியார்

மூன்று தரம் தொடங்கினேன், இரண்டு தரம் நூறாம் பக்கத்தில் நின்றேன், மூன்றாம் தரம் முடித்தேன். அதில் ஒரு கசோபன் வருவார், உலகத்துப் புராணங்கள் எல்லாவற்றுக்கும் திறப்பு என்று ஒரு மகா நூல் எழுதுவதாகச் சொல்லிக் குறிப்பெடுத்தே காலம் போய்விடும், நூல் வராது. அந்த மாதிரி ஆட்களை எனக்கு நேரே தெரியும், ஒருவர் கண்ணாடியிலும் தெரிகிறார். மிகப் பெரிய நாவல். மாதக் கூட்டத்துக்கு வேண்டாம், ஆட்கள் வராமல் விட்டுவிடுவார்கள். நான் முதன்முதலில் எடுத்த பிரதி எங்கள் பொது நூலகத்தினுடையது, அது 1981 இல் நூலகம் எரிக்கப்பட்டபோது மற்றவற்றோடு போய்விட்டது. அதைத் தொடங்கினால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும், விடுவோம்.

குருநகர்க் காற்று

கன நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுதுகிறேன். ஹெமிங்வேயின் த ஓல்ட் மான் அன்ட் த சீ, 1952. எனக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது, இது ஓடினது. சின்னச் சின்ன வசனம், சின்னப் புத்தகம்.

அப்பப்பாவுக்கு 83 வயது. கடலுக்குப் போவதை விட்டுப் பதினைந்து வருசம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவருக்கு நான் அதை ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தொடக்கத்தில் கிழவன் சந்தியாகோவுக்கு 84 நாளாக மீன் படவில்லை என்று வரும். அப்பப்பா சிரித்தார். 'எண்பத்துநாலு நாளா? எங்களைக் கடலுக்கு இறங்கவே விடாமல் வருசக்கணக்காக வைத்திருந்தார்கள், அதை யார் எழுதினது?' என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் கேட்டார். கயிறு இழுத்துக் கை வெட்டுப்படுகிறது, இடது கை கொறக்கை பிடித்து கழுகின் நகம் மாதிரி மடங்கிப் போகிறது என்ற இடத்தில் தன்னுடைய கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். கிழவன் பச்சைச் சூரை மீனைச் சாப்பிட்டுவிட்டு, உப்பும் தேசிக்காயும் கொண்டுவந்திருக்கலாம் என்று யோசிப்பான். 'அது சரி' என்றார் அப்பப்பா. அந்த எழுத்தாளருக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

மற்றதெல்லாம் குறை. அவ்வளவு பெரிய மீனை வள்ளத்தின் பக்கத்தில் கட்டினால் இரத்தத்துக்குச் சுறா வரும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும், அந்த மனுசனுக்குத் தெரியாதா? நான் சொன்னேன், தெரியும், தெரிந்துதான் கட்டினான், வேறு வழியில்லை. 'அப்ப தூரப் போயிருக்கக் கூடாது' என்றார். அப்பப்பா, கதையில் கிழவனும் கடைசியில் அதைத்தான் சொல்கிறான், தான் அளவுக்கு மிஞ்சித் தூரம் போனதுதான் பிழை என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் தனியப் போனதைப் பற்றி யாரும் ஏசவில்லையா என்று கேட்டார். கிழவனோடு முந்திக் கடலுக்குப் போன பெடியன் அழுதான் என்றேன். 'ம்' என்றார்.

நைஜீரியா வாத்தியார்

தம்பி, நாற்பது வருசம் இலக்கியம் படிப்பித்தேன். உம்முடைய அப்பப்பாவை வைத்துக்கொண்டு படிப்பித்திருக்க வேண்டும்.

கொக்குவில் ரீச்சர்

சரி, நான் முடிவுக்கு வருகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். முதல் மாதம் ஹெமிங்வே, சின்னது, பயமில்லாமல் தொடங்கலாம். இரண்டாவது பிரைட் அன்ட் பிரெஜூடிஸ். மூன்றாம் நாலாம் மாதம் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ், இரண்டு முடிவையும் வாசிப்போம். ஐந்தாவது குரூசோ, ஆறாவது ஆச்சிபி, வேலிக்கதியால் கேட்டபடி ஒன்றுக்குப் பின் ஒன்றாக. சண்டை வருகிற புத்தகம்தான் கூட்டத்துக்கு நல்லது. வூல்ஃபையும் ஜேன் அயரையும் அடுத்த சுற்றுக்கு வைத்திருக்கிறேன், சட்டப்புள்ளி கோபிக்க வேண்டாம், மானிப்பாய் மாமியிடமும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் ஓடாதவர்கள் தமிழில் வாசித்துவிட்டு வரலாம். சுருக்கின பதிப்பும் சரி, ஆனால் வந்து ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

சட்டப்புள்ளி

மேன்முறையீடு செய்ய இடமுண்டா?

கொக்குவில் ரீச்சர்

இல்லை.

குருநகர்க் காற்று

ரீச்சர், முதல் கூட்டத்துக்கு அப்பப்பாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா? ஆட்டோவில் கொண்டுவருவேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கதைப்பார்.

கொக்குவில் ரீச்சர்

கட்டாயம் கூட்டிவாரும். விறாந்தையில் சாய்மனைக் கதிரை இருக்கிறது, அது அவருக்கு.

குருநகர்க் காற்று

சொன்னேன். இப்பவே ஒரு கேள்வி கேட்கிறார், கிழவனுடைய வள்ளம் எத்தனை அடி என்று. புத்தகத்தில் இருக்கிறதா? எனக்கு ஞாபகமில்லை.

ரொறன்ரோக் குளிர்

மீன் வள்ளத்தைவிட இரண்டடி நீளம் என்று கிழவன் ஒரு இடத்தில் சொல்கிறான். கடைசியில் கரையில் அளந்து பார்த்தபோது மீன் பதினெட்டடி.

குருநகர்க் காற்று

அப்ப வள்ளம் பதினாறு. சொல்லிவிட்டேன் அண்ணை. பதினாறடி வள்ளத்தில் தனிய அவ்வளவு தூரம் போனவனுக்கு விசர்தான் என்கிறார். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுவாராம்.